பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை

கணினியை அணைத்து, மின்சார இணைப்பையும் பிடுங்கிவிட்டு ஒரு மாதம் வெளியூர் போய்த் திரும்புகிறீர்கள். இணையம் இன்னும் வரவில்லை. ஆனாலும் கணினியைப் போட்டதும் திரையின் மூலையில் தேதியும் நேரமும் தெரிகின்றன. கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான். இணையம் வந்த சற்று நேரத்தில் அந்த வித்தியாசமும் மறைந்துவிடும்.

மின்சாரமே இல்லாத அந்த ஒரு மாதமும் நேரத்தைக் காத்து வைத்திருந்தது எது? அந்த ஒரு நிமிடப் பிழை எங்கிருந்து வந்தது? இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைத்தபின், அடுத்த முறை அணைப்பதற்குள் அது எப்படிப் பத்திரப்படுத்தப்படுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எழுதியவர்கள் ஏன் அப்படி எழுதினோம் என்று விட்டுச் சென்ற குறிப்புகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

கணினியில் கடிகாரங்கள் இரண்டு. ஒன்று மதர்போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரம். தொழிலில் இருப்பவர்கள் ஆர்டிசி என்பார்கள். பழுது பார்க்கும் கடைகளில் சிமாஸ் பேட்டரி என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல்தான் அதற்கு உயிர். மற்றொன்று சிஸ்டம் கடிகாரம். அதைத் தொட்டுக் காட்ட முடியாது. கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஓர் எண் அது. 1970 ஜனவரி 1 நள்ளிரவு முதல் எத்தனை விநாடி, எத்தனை நானோ விநாடி கடந்திருக்கிறது என்ற கணக்கு. கோப்பைச் சேமிக்கும்போது பதிவாகும் நேரம், வங்கித் தளத்தின் சான்றிதழ் செல்லுமா என்ற சோதனை, திரையில் தெரியும் மணி எல்லாம் இந்த எண்ணிலிருந்து வருபவை. கணினி அணைந்தால் எண்ணும் அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கெர்னல் ஆர்டிசியிடம் நேரம் கேட்டுத்தான் தன் கணக்கை ஆரம்பிக்கிறது.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் ஆர்டிசி கிடையாது. போட்டவுடன் தேதியும் நேரமும் கேட்கும். நாம் தட்டச்சு செய்ய வேண்டும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி/ஏடி தான் மோட்டரோலாவின் எம்சி146818 என்ற சிப்பைப் பேட்டரியோடு சேர்த்துக் கொண்டுவந்தது. அந்தத் தனிச் சிப் காணாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அதன் ரிஜிஸ்டர் வரிசை இன்றைய மதர்போர்டுகளின் சிப்செட்டுக்குள்ளும் அப்படியே இருக்கிறது. 0ஆம் இடத்தில் விநாடி, 2இல் நிமிடம், 4இல் மணி, 7இல் தேதி, 8இல் மாதம், 9இல் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் முடிவான அந்த வரிசைக்குத்தான் இன்றைய கெர்னலும் எழுதுகிறது.

இந்தக் கடிகாரத்தைத் துடிக்கவைப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம். இசைக்கவை வடிவத்தில் வெட்டப்பட்ட மிகச் சிறிய படிகம். அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண் தற்செயலாக வந்ததல்ல: 2ஐ 15 முறை பெருக்கினால் 32,768. அதிர்வைத் தொடர்ந்து 15 முறை பாதியாக்கினால் மிகச் சரியாக விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். பாதியாக்கும் சுற்றுகள் எளியவை, மின்சாரம் மிகக் குறைவாகத்தான் கேட்கும். அதனால்தான் ஒரு பட்டன் செல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் படிகம் சொன்ன வேகத்தில் அதிர்வதில்லை. மலிவான படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறுவது வழக்கமான அளவு. கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதில் 20 பங்கு தவறினால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 52 விநாடி. மேலே சொன்ன ஒரு நிமிடம் இங்கிருந்துதான் வருகிறது. வெப்பமும் சேர்ந்துகொள்ளும். இந்தப் படிகங்கள் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சரியாக ஓடும்படி வெட்டப்படுகின்றன. அங்கிருந்து வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் அவை மெதுவாகத்தான் ஓடும், ஒருபோதும் வேகமெடுக்காது. விலகிய டிகிரியின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பின்தங்கும் என்று தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் 45 டிகிரி சாதாரணம். 20இன் வர்க்கம் 400; விடை 13.6 பங்கு. நாளுக்கு ஏறக்குறைய 1.2 விநாடி நஷ்டம்.

அப்படியானால் கெர்னல் ஓடும்போது எதை வைத்து எண்ணுகிறது? ஆர்டிசியை அல்ல. ஆர்டிசி ஒரு விநாடிக்குக் கீழே எதையும் சொல்லாது, கேட்டால் பதில் சொல்லவும் தாமதமாகும். 1993இல் இன்டெல் பென்டியத்தோடு வந்த டிஎஸ்சி என்ற எண்ணி செயலிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். அதைப் படித்து நானோ விநாடியாக மாற்றினால் போதும். மாற்றுவதில்தான் சூட்சுமம். கெர்னல் இந்த இடத்தில் வகுப்பதில்லை, வகுத்தல் மெதுவான வேலை. துடிப்பின் எண்ணிக்கையை ஒரு முழு எண்ணால் பெருக்கி, விடையின் கடைசி 24 பிட்டுகளை வெட்டிவிடும். விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலி என்றால் ஒரு துடிப்பு மூன்றில் ஒரு நானோ விநாடி. 2இன் 24ஆம் அடுக்கை 3ஆல் வகுத்தால் 5592405.33 வரும். முழு எண்ணாக 5592405. விட்டுப்போன அந்த 0.33 நாளுக்கு 5 மில்லி விநாடிப் பிழையாகச் சேரும்.

கெர்னல் அதை விட்டுவிடுவதில்லை. உண்மையில் எவ்வளவு நேரம் ஓடியிருக்க வேண்டும், பெருக்கி வந்தது எவ்வளவு என்ற வித்தியாசத்தைத் தனியே எழுதிவைக்கிறது. வித்தியாசம் சேர்ந்ததும் பெருக்கும் எண்ணை ஒன்று கூட்டிக் கொஞ்ச நேரம் ஓட்டும், பிறகு பழையபடி குறைக்கும். இரண்டு பிழையான எண்களுக்கு நடுவே மாறி மாறி ஓடியே சராசரியில் சரியான வேகத்தைப் பிடித்துவிடுகிறது. கெர்னலின் நேரக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முற்றிலும் சரியான கடிகாரம் கிடைக்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, எவ்வளவு தவறு என்பதை மட்டும் கண் அயராமல் கணக்கு வைக்கிறது. இனி வரும் ஒவ்வொன்றிலும் இதே புத்திதான் வேலை செய்கிறது.

டிஎஸ்சியையும் கெர்னல் முழுதாக நம்புவதில்லை. பழைய செயலிகளில் மின்சாரம் மிச்சப்படுத்த வேகம் குறைந்தால் இந்த எண்ணியும் மெதுவாகிவிடும். அதனால் ஹெச்பெட் போன்ற இன்னோர் எண்ணியை வைத்து அரை விநாடிக்கு ஒருமுறை சரிபார்க்கும் ஒரு காவலாளி கெர்னலில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் டிஎஸ்சி நிலையற்றது என்று பதிவு செய்துவிட்டு வேறொன்றுக்கு மாறிவிடும். மாறுவதற்கு இருக்கும் எண்ணிகளில் ஒன்று விநாடிக்கு 35,79,545 முறை துடிப்பது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த அதிர்வெண் அது. முதல் பிசி காலத்தில் அந்தத் தொலைக்காட்சி அதிர்வெண்ணையே அடிப்படையாக வைத்துக்கொண்டதால் இன்றும் அது கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் பெட்டிக்குள்ளே நடப்பது. வெளியிலிருந்து உண்மையான நேரம் வர வேண்டுமே. அந்த வழியைப் போட்டவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 2024 ஜனவரி 17இல் தன் 85ஆம் வயதில் மறைந்தார். பிறவியிலேயே கண் அழுத்த நோய் இருந்தவர். முதுமையில் பார்வையை முழுவதும் இழந்தார். 1985இல் அவர் வெளியிட்ட என்டிபி என்ற நெறிமுறைதான் உலகத்துக் கணினிகளை இன்றுவரை ஒரே நேரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. 1994 மார்ச்சில் அவர் இன்னோர் ஆவணம் எழுதினார். வலையிலிருந்து வரும் நேரத்தைக் கொண்டு கெர்னல் தன் கடிகாரத்தின் வேகத்தை எப்படித் திருத்த வேண்டும் என்பதற்கான மாதிரி அது. லினக்ஸ் அந்த மாதிரியைப் பின்பற்றுகிறது.

முள்ளைப் பிடித்துத் திருப்புவதைவிட வேகத்தைத் திருத்துவதே மேல் என்பதுதான் மில்ஸின் வழி. நேரம் திடீரென்று பின்னால் தாவினால், இப்போது எழுதிய கோப்பு சற்று முன் எழுதியதைவிடப் பழையதாகத் தெரியும், தரவுத்தளம் குழம்பும், எப்போதோ முடிந்த வேலை மறுபடி ஓடும். ஆகவே கெர்னல் பெருக்கும் எண்ணைச் சற்றே மாற்றி, கடிகாரத்தை மிக லேசாக வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு, வித்தியாசத்தைக் கரைக்கிறது. அதற்கும் உச்சவரம்பு உண்டு: பத்து லட்சத்தில் 500 பங்கு. அந்த உச்ச வேகத்தில் ஒரு விநாடியைச் சரிக்கட்ட 2,000 விநாடி, அதாவது 33 நிமிடம் ஆகும். மில்ஸின் என்டிபி நிரல் 128 மில்லி விநாடிக்கு மேல் வித்தியாசம் நீடித்தால்தான் ஒரே தாவலாகத் திருத்தும்.

சிஸ்டம் கடிகாரம் இப்படிச் சரியாகிவிட்டது. ஆர்டிசி பழைய பிழையோடுதான் இருக்கிறது. இந்த நிலையில் மின்சாரம் போனால் இணையத்திலிருந்து வாங்கியதெல்லாம் வீண். இதற்காகத்தான் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை தன் நேரத்தை ஆர்டிசியில் எழுதிவைக்கிறது. தொழிலில் இதற்கு 11 நிமிட முறை என்றே பெயர். 1990களின் நிரலில் 660 விநாடி என்று இருந்தது, இன்றைய நிரலிலும் அதே 11 நிமிடம்.

எழுதுவது எளிதில்லை. எம்சி146818 சிப்பில் நேரம் எழுத வேண்டுமானால் முதலில் அதன் புதுப்பிப்பை நிறுத்த வேண்டும், 15 முறை பாதியாக்கும் சங்கிலியை மீட்டமைக்க வேண்டும், எண்களை எழுத வேண்டும், பிறகு விட வேண்டும். விட்டதிலிருந்து அடுத்த விநாடி பிறக்க ஒரு முழு விநாடி ஆகும் என்று நினைப்போம். இந்தச் சிப்பில் அரை விநாடிதான். ஆகவே 10 மணி 20 நிமிடம் 30 விநாடி என்று எழுத வேண்டுமானால், அந்த 30ஆம் விநாடி பிறந்து சரியாக 500 மில்லி விநாடி கழித்து எழுத வேண்டும். அப்போதுதான் 31 உலகத்தோடு சேர்ந்து பிறக்கும். எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுதினால் ஆர்டிசி அரை விநாடி வரை தவறிப்போகும். 11 நிமிடம் உழைத்ததற்குப் பலன் இருக்காது.

விடும்போதும் வரிசை முக்கியம். மார்கஸ் கூன் என்ற ஆய்வாளர் எழுதிய குறிப்பொன்று லினக்ஸ் நிரலில் நெடுங்காலமாக இருக்கிறது. நிறுத்தக் கொடியையும் மீட்டமைப்பையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் விட வேண்டும். மாற்றினால் டிஎஸ்12887 என்ற பரவலான நகல் சிப் 500 மில்லி விநாடிக் கணக்கைக் காப்பாற்றாது. உற்பத்தியாளரின் தரவுத்தாளில் இதைத் தேடினாலும் கிடைக்காது என்கிறார் அவர். ஆவணத்தில் எழுதாத ஒன்றை யாரோ பொறுமையாக அளந்து பார்த்துக் கண்டுபிடித்து, அடுத்து வருபவர்களுக்காக நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார். உலகத்தின் கோடிக்கணக்கான கணினிகளுக்கு அந்தச் சில வரிகள் பயன்பட்டிருக்கின்றன.

அந்த 500 மில்லி விநாடியைப் பிடிப்பதும் நீண்ட காலம் தடுமாற்றமாகவே இருந்தது. கெர்னலுக்குள் ஆயிரம் வேலைகள் ஒரே நேரத்தில் காத்திருக்கும். எழுத வேண்டிய கணத்தில் வேறொன்று குறுக்கே வந்துவிடும். 2020 டிசம்பரில் கெர்னல் நிரலாளர் தாமஸ் கிளெய்க்ஸ்னர் இந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார், 5.11 கெர்னலில் அது வெளிவந்தது. இப்போது மிகத் துல்லியமான டைமர் ஒன்று கெர்னலை எழுப்புகிறது. எழுந்ததும் கெர்னல் மணியைப் பார்க்கும். குறித்த கணத்துக்கு அருகில் இருந்தால் எழுதும். தாமதமாகிவிட்டது என்று கண்டால் எழுதாமலே திரும்பி, 2 விநாடி கழித்து மறுபடி முயலும். தவறான கணத்தில் எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்ற தீர்மானம் அதில் இருக்கிறது.

படிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. மணி 10:59:59இலிருந்து 11:00:00க்கு மாறும் தறுவாயில் படித்தால், மணியைப் பழையதிலிருந்தும் நிமிடத்தைப் புதியதிலிருந்தும் எடுத்து 10:00:00 என்று நினைத்துவிடலாம். ஒரு மணி நேரம் போய்விடும். எண்களைப் புதுப்பிக்க அந்தச் சிப்புக்கு ஏறத்தாழ 2 மில்லி விநாடி ஆகும். அதற்கு 244 மைக்ரோ விநாடி முன்பே ஒரு கொடியை உயர்த்திப் படிக்காதே என்று சொல்லிவிடும். ஆரம்பகால லினக்ஸ் அந்தக் கொடி இறங்கும் கணம்வரை காத்திருந்து படித்தது. இறங்கும் கணமே விநாடி பிறக்கும் கணம் என்பதால் தொடக்க நேரம் துல்லியமாகக் கிடைத்தது. கணினி எழ ஒரு விநாடி வரை கூடுதலாக ஆகிறது என்று பின்னாளில் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். எப்படியும் வலையிலிருந்து சரியான நேரம் வரும் என்பது அவர்கள் வாதம். வலை இல்லாத இடத்தில் ஓடும் கணினிகளுக்கு அது ஒரு விநாடி இழப்புதான்.

இந்தியாவையும் இலங்கையையும் தொடும் ஒரு வரியைச் சொல்லாமல் போக முடியாது. 11 நிமிட முறை பல ஆண்டுகள் ஆர்டிசியில் நிமிடத்தையும் விநாடியையும் மட்டுமே எழுதியது, மணியைத் தொடவில்லை. காரணம், ஆர்டிசியில் இருப்பது உலகப் பொது நேரமா உள்ளூர் நேரமா என்று கெர்னலுக்குத் தெரியாது. மணியைத் தொடாமல் விட்டால் எந்த நாட்டு நேரமாக இருந்தாலும் கெடாது என்று கருதினார்கள். பெரும்பாலான நாடுகளுக்கு அது சரி. பொது நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் நிமிடம் ஒன்றுதான். நமக்கோ 5 மணி 30 நிமிட வித்தியாசம். பொது நேரம் 5:12 என்றால் நம் சுவரில் 10:42. நிமிடத்தை மட்டும் எழுதினால் 42 இருக்க வேண்டிய இடத்தில் 12 விழும். அதற்காகவே நிரலில் ஒரு கணக்கு சேர்த்திருந்தார்கள்: ஆர்டிசியின் நிமிடத்துக்கும் கெர்னலின் நிமிடத்துக்கும் இடைவெளி அரை மணியை ஒட்டி இருந்தால் 30ஐக் கூட்டி எழுது. அரை மணி நேர மண்டலத்துக்கான திருத்தம் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. ஆர்டிசி 15 நிமிடத்துக்குள் சரியாக இருந்தால்தான் இது வேலை செய்யும். பேட்டரி செத்து ஆர்டிசி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால்? வலையிலிருந்து சரியான நேரம் வந்தபிறகும் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிடத்தையும் விநாடியையும் அழகாகத் திருத்திக்கொண்டே இருக்கும். தேதி பழையதாகவே கிடக்கும். 2013இல்தான் முழுத் தேதியையும் நேரத்தையும் எழுதும்படி மாற்றினார்கள்.

அதன் வேரில் இருக்கும் சிக்கல் இன்னும் தீரவில்லை. எம்எஸ்-டாஸ் காலத்து வழக்கப்படி விண்டோஸ் ஆர்டிசியில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் பொது நேரத்தை வைக்கிறது. ஒரே கணினியில் இரண்டும் போட்டவர்களுக்கு இதன் விளைவு தெரியும்: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் காலை 10 மணிக்கு அதிகாலை 4:30 என்று காட்டும். இதில் பொது நேரமே சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உள்ளூர் நேரம் அரசாங்கம் சொன்னால் மாறிவிடும். இலங்கை 1996இல் இரண்டு முறை நேரத்தை மாற்றியது, 2006 ஏப்ரலில் 5:30க்குத் திரும்பியது. ஆர்டிசியில் பொது நேரம் இருந்தால் நேர மண்டலக் கோப்பைப் புதுப்பித்தால் போதும். உள்ளூர் நேரம் இருந்தால், அந்த எண் பழைய நேரமா புதிய நேரமா என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. பல லினக்ஸ் கணினிகளில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியோடு வரும் டைம்சிங்க் என்ற நேரச் சேவை இதில் கண்டிப்பாக இருக்கிறது: ஆர்டிசி உள்ளூர் நேரத்தில் இருந்தால் கெர்னலை அதில் எழுதவே விடாது.

எழுதாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கெர்னலின் சொந்த நேர்மை. வலையோடு நேரம் ஒத்திசைந்திருக்கிறது என்று என்டிபி சேவை சொன்னால்தான் 11 நிமிட முறை ஓடும். அந்தச் சேவை நடுவில் செத்துப்போனால் என்ன ஆகும்? கெர்னல் தன் கடிகாரம் அதிகபட்சம் எவ்வளவு தவறியிருக்கலாம் என்று ஓர் எண் வைத்திருக்கிறது. ஒவ்வொரு விநாடியும் அதில் 500 மைக்ரோ விநாடியைத் தானே கூட்டிக்கொள்ளும். சேவை பேசும்போதெல்லாம் அந்த எண் குறையும். பேசாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். 16 விநாடியைத் தொட 32,000 விநாடி, அதாவது 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தொட்டதும் தன் நேரம் இனி நம்பத்தக்கதல்ல என்று கெர்னல் தானே அறிவித்துவிட்டு ஆர்டிசியில் எழுதுவதை நிறுத்திவிடும். உண்மையில் கடிகாரம் பெரும்பாலும் அரை விநாடிகூடத் தவறியிருக்காது. ஆனாலும் உறுதி சொல்ல ஆளில்லாத நேரத்தை அது பத்திரப்படுத்தாது.

மடிக்கணினியை மூடி வைக்கும்போது ஆர்டிசிக்கு இன்னொரு வேலை வருகிறது. தூங்கும்போது மற்ற எண்ணிகள் நின்றுபோகலாம்; எழுந்ததும் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று கெர்னல் ஆர்டிசியைக் கேட்கும். அதுவோ விநாடிக் கணக்கில்தான் பதில் சொல்லும். ஒரு நாளில் இருபது முறை மூடித் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு விநாடி வரை பிழை சேரலாம். அது சேராதிருக்க, இரண்டு கடிகாரத்துக்கும் இடையே முன்பு இருந்த வித்தியாசத்தைக் கெர்னல் நினைவில் வைத்து, அதை மாறாமல் காக்கப் பார்க்கிறது.

நேரம் மாறும்போது கெர்னலின் ஒரு பகுதிக்குச் சொல்லி இன்னொரு பகுதிக்குச் சொல்ல மறந்தால் என்ன நடக்கும் என்பதை 2012 ஜூன் 30 நள்ளிரவு காட்டியது. பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட அன்று ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். நமக்கு அது ஜூலை 1 அதிகாலை 5:30. லினக்ஸ் கடிகாரம் விநாடியைச் சரியாகச் சேர்த்துக்கொண்டது. டைமர்களை நடத்தும் பகுதிக்கு மட்டும் செய்தி போகவில்லை. அது ஒரு விநாடி முந்தியே இருந்ததால் காத்திருக்க வேண்டிய நிரல்கள் காத்திருக்காமல் மறுபடி மறுபடி எழுந்தன. செயலிகள் முழு வேகத்தில் சுழன்றன. ரெடிட், மொசில்லா போன்றவை தடுமாறின. தேதியை அதே தேதிக்கு மறுபடி அமைத்ததும் எல்லாம் அடங்கியது. அந்தக் கட்டளை டைமர் பகுதிக்கும் செய்தி சொன்னதுதான் காரணம். 2035க்குள் லீப் விநாடி முறையைக் கைவிடுவதென்று 2022இல் பன்னாட்டு அளவைகள் மாநாடு முடிவெடுத்துவிட்டது.

ஆர்டிசியே இல்லாத கணினிகளும் உண்டு. ராஸ்பெர்ரி பை பலகைகளில் 2023இல் வந்த 5ஆம் வகைக்கு முன்பு ஆர்டிசி கிடையாது. 5ஆம் வகையிலும் பேட்டரியைத் தனியே வாங்கி இணைக்க வேண்டும். ஆர்டிசி இல்லாத பலகைகளில் அணைக்கும்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, தொடங்கும்போது அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். நேரம் பின்னால் போகாது, அவ்வளவுதான் உத்தரவாதம். பள்ளி ஆய்வகத்திலோ வயலில் மழை அளக்கும் கருவியிலோ வலையின்றி அத்தகைய பலகையை வைக்கப்போகிறவர்கள் தனி ஆர்டிசி பலகை ஒன்றை மறக்காமல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவாகும் ஒவ்வோர் அளவுக்கும் பொய்யான நேரம் ஒட்டிக்கொள்ளும்.

11 நிமிட முறையை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆர்டிசியை அடிக்கடி திருத்தாமல் விட்டுவைத்து, அது நாளுக்கு எவ்வளவு தவறுகிறது என்று அளந்து வைத்துக்கொண்டால், ஒரு மாதம் கழித்துக் கணினியைப் போடும்போது அந்தத் தவறைக் கழித்துவிடலாம். குரோனி என்ற நேரச் சேவை இப்படிச் செய்ய வல்லது. ஆனால் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தால் அளக்க எதுவும் மிஞ்சாது. அதனால் குரோனியில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வாரக்கணக்கில் அணைந்து கிடக்கும், வலைக்கு எட்டாத கணினி என்றால் அளக்கும் வழி நல்லது. தினமும் வலையில் இருக்கும் கணினிக்கு 11 நிமிட முறையே போதும்.

கணினியின் நேரத்தைச் சரியாக வைத்திருப்பது இந்தியாவில் இப்போது சட்டக் கடமையுமாகியிருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்களின் கணினிகள் தேசிய தகவலியல் மையம் அல்லது புது டெல்லியில் இந்திய நேரத்தைப் பேணும் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் என்டிபி சேவையகங்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சேவையகங்களோடு நேரத்தை ஒத்திசைக்க வேண்டும். ஒரு இணையத் திருட்டைத் துப்புத் துலக்கும்போது பத்துக் கணினிகளின் பதிவுகளை வரிசைப்படுத்த வேண்டியிருக்கும். எது முதலில் நடந்தது என்பதற்கு அந்த நேரங்கள் மட்டுமே சாட்சி.

உங்களிடம் லினக்ஸ் கணினி இருந்தால் டெர்மினலைத் திறந்து டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். சிஸ்டம் கடிகாரம் ஒத்திசைந்திருக்கிறதா என்ற வரியில் ஆம் என்றும், ஆர்டிசி உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா என்ற வரியில் இல்லை என்றும் வர வேண்டும். கணினியைப் போடும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் சிஆர்2032ஐ மாற்றுங்கள், அதன் விலை அற்பம். மாற்றியபின் இணையத்தில் இணைத்து, கால் மணி நேரமாவது ஓடவிட்டு அணையுங்கள். அதற்குள் கெர்னல் சரியான நேரத்தை ஆர்டிசியில் எழுதிவிட்டிருக்கும்.